யாருடைய கண் மட்டம்?

1

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஓர் இயக்க மாநாட்டையொட்டி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி ஒன்று நடத்தினோம். இடம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மண்டப மேனேஜர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது." தூணுக்குத் தூண் சவுக்குக் கம்பைக் கட்டி, அதில் சணல் கயிற்றில் படங்களைத் தொங்கவிட்டோம். ஏழு பேர் வரைந்த நாற்பது படங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு படத்தில் வேலை நின்றுவிட்டது. மலக்குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை மேலிருந்து பார்த்து வரைந்த படம். தலையும் தோளும் மட்டும் தெரியும். மீதி எல்லாம் கறுப்பு.

வாசலிலேயே வைக்கலாம், வருகிறவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்றார் ஒருவர். வாசலில் வைத்தால் அதையும் தாண்டிச் சாப்பிடப் போய்விடுவார்கள், கடைசியில் வைப்போம் என்றார் இன்னொருவர். வரைந்த தோழர் சொன்னார்: "தரையோட வைங்க. குனிஞ்சு பாக்கட்டும்." அப்படியெல்லாம் வைக்கிற வழக்கமில்லை, கண் மட்டத்தில் வைப்பதுதான் முறை என்று நான்தான் சொன்னேன். ஏதோ தெரிந்தவன் மாதிரி. அவர் திருப்பிக் கேட்டார்: "யாரோட கண் மட்டம் தோழர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே அந்தப் படத்தை மற்றப் படங்களோடு வரிசையாகக் கட்டினோம். கண்காட்சி வெற்றி என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. ஓவியத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ஏராளம். ஓவியம் மாட்டப்பட்ட சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

2

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. அகநானூற்றின் நானூறு பாட்டுகளும் எழுதப்பட்ட வரிசையில் இல்லை. ஒற்றைப்படை எண்களெல்லாம் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்துப் பத்தாக வருபவை நெய்தல். எந்தக் கவிஞரும் தம் பாட்டு எத்தனையாவதாக வரும் என்று நினைத்து எழுதவில்லை. தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று பெயர் சொல்கிறது மரபு. ஒன்றுவிட்டு ஒன்று பாலையாக, நூலில் பாதியைப் பிரிவாக ஆக்கி நம்மை வாசிக்க வைத்தது அந்த அடுக்கு. பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு என்று மூன்று பேரை நம் மரபு பிரித்துச் சொல்லிவிட்டது. கண்காட்சியிலும் இதே மூன்று பேர்தான். ஓவியர், கியூரேட்டர், பணமோ இடமோ அதிகாரமோ தருகிறவர்.

கியூரேட்டரை நம் அரசாங்க அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்பார்கள். காப்பது மட்டுமல்ல அவர் வேலை. இன்றைய காட்சிக்கூடங்களில் வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய இதுதான். முதலில் கூடத்தின் அளவுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து, படங்களைச் சின்னதாக வெட்டி அதில் ஒட்டிப் பார்ப்பார்கள். பிறகு நிஜப் படங்களைச் சுவரோரமாகத் தரையில் சாத்தி வைத்து நடந்து பார்ப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் மாற்றி மாற்றி வைப்பார்கள். வாசலில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது எது, ஒரு படத்தைப் பார்க்கும்போது ஓரக்கண்ணில் தெரிவது எது, அடுத்த அறையின் கதவு வழியாகத் தூரத்தில் கூப்பிடுவது எது என்று கணக்குப் போடுவார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை வெளிச்சம், தாளில் செய்த நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும். விளக்கு நேரே அடித்தால் கண்ணாடி பளபளக்கும் என்பதால் சாய்வாக அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஆணி அடிக்கும்போது, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. நின்று பார்க்கும் சராசரி மனிதரின் கண் மட்டம் அதுவாம்.

கேட்பதற்குத் தச்சுக் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்த 57 அங்குலம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அதற்கு முன்னால் வேறு அளவுகள் இருந்தன. அவற்றுக்காகச் சண்டைகள் நடந்தன.

3

லண்டன் ராயல் அகாதெமி 1768இல் தொடங்கப்பட்டது. வருடாவருடம் கண்காட்சி. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தகாதவர்கள் வந்து அறையை நிறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கட்டணம் என்று முதல் கண்காட்சியின் பட்டியலிலேயே வெளிப்படையாக அச்சடித்தார்கள். அந்த அளவுக்காவது நேர்மை. 1780இல் சோமர்செட் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடிபோனபோது, அங்கிருந்த பெரிய கூடத்தின் சுவரைச் சுற்றி எட்டடி உயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடியது. அதற்கு 'கோடு' என்று பெயர். முழு உருவப் படங்கள் கோட்டுக்கு மேலே. சிறியவை கீழே. தரையிலிருந்து கூரை வரை, பிரேமோடு பிரேம் இடிக்க, சுவரே தெரியாமல் அடைப்பார்கள். மேலே உள்ளவை முன்பக்கம் சாய்ந்து தொங்கும்.

இந்தச் சாய்வு நமக்குப் பழக்கமானதுதான். நம் வீடுகளில் சாமி படமும் செத்துப்போன தாத்தா படமும் உத்தரத்தையொட்டி உயரத்தில், முன்பக்கம் சாய்ந்து, நம்மைப் பார்த்தபடி தொங்குகின்றன. நாம் அவற்றைப் பார்ப்பதைவிட அவை நம்மைப் பார்ப்பதுதான் முக்கியம். உயரம் என்பது மரியாதை. சோமர்செட் ஹவுஸிலும் எட்டடிக் கோட்டுக்கு மேலே ராஜாக்களும் பிரபுக்களும்தான் நிறைய இருந்தார்கள்.

1784இல் கெய்ன்ஸ்பரோ, அரசர் மூன்றாம் ஜார்ஜின் மூத்த மகள்கள் மூவரையும் வரைந்து அனுப்பினார். மெல்லிய தூரிகை வேலை. எட்டடிக்கு மேலே போனால் ஒன்றும் தெரியாது. ஐந்தரை அடிக்கு மேல் மாட்ட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கடிதம் எழுதினார். மாட்டுவதற்கென்றே உறுப்பினர் குழு ஒன்று உண்டு. விதி விதிதான் என்றது அது. கெய்ன்ஸ்பரோ அத்தனை படங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சாகும்வரை அங்கே காட்சிக்கு வைக்கவில்லை. தன் வீட்டிலேயே மாட்டிக் காட்டினார். நிறுவனர்களில் ஒருவருக்கே இந்த கதி என்றால், யார் எவர் என்று தெரியாத ஓர் இளைஞரின் படம் கூரையோரத்துக்குப் போனதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உயரம் ஒரு சண்டை என்றால் பக்கத்துப் படம் இன்னொரு சண்டை. 1832இல் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படமும் டர்னரின் கடற்படமும் அடுத்தடுத்துத் தொங்கின. கான்ஸ்டபிளின் படத்தில் சிவப்பும் பொன்னுமாகப் படகுகளும் கொடிகளும். டர்னருடையது சாம்பல் நிறக் கடல். திறப்புக்கு முன் ஓவியர்கள் மெருகு பூச வரும் நாளில் டர்னர் வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கடலின் நடுவே ஒரு காசைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செக்கச்சிவப்பாய் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்துப் படத்தின் சிவப்பெல்லாம் வெளிறிப்போனது. டர்னர் வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். பிறகு டர்னர் அந்தப் பொட்டை மிதவையாகத் திருத்திக்கொண்டார். இன்று அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கிறவருக்கு அது வெறும் மிதவை. அன்று சுவரில் பார்த்தவருக்கு ஒரு வாக்குவாதம். பிரதியின் அர்த்தம் பிரதிக்குள் மட்டும் இல்லை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். டர்னருக்கு அது ஒரு பொட்டு.

4

பாரீஸிலும் இதே கதைதான். அங்கே பிரச்சினை உயரத்தோடு நிற்கவில்லை. 1863இல் அரசுக் கண்காட்சியின் நடுவர் குழு, வந்த படங்களில் பாதிக்கு மேல் நிராகரித்தது. கூச்சல் எழுந்ததும், நிராகரிக்கப்பட்டவற்றைத் தனியே காட்டுங்கள், மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று உத்தரவிட்டார் மூன்றாம் நெப்போலியன். பேரரசர் காட்டிய பெருந்தன்மை என்று இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலகத்துக்கென்று ஒரு தனிக் கூடம் ஒதுக்கி, மேலே பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டால், வருகிறவர்கள் சிரிப்பதற்குத் தயாராகவே வருவார்கள். மானேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அப்படித்தான் சிரிப்புக்கு ஆளானது.

அடுத்த அடியை ஓவியர்களே எடுத்தார்கள். 1874 ஏப்ரல் 15, புகைப்படக்காரர் நதார் விட்டுப்போன ஸ்டூடியோவை எடுத்து, மோனே, தெகா, பிஸாரோ, பெர்த் மொரிஸோ முதலிய முப்பது பேர் கண்காட்சி வைத்தார்கள். பின்னாளில் இம்ப்ரஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்றவர்கள். படங்களை அளவுவாரியாகப் பிரித்து, யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் மாட்டும் வேலை பெரும்பாலும் ரெனுவாரின் தலையில் விழுந்தது. கூரை வரை அடைக்கவில்லை. ராத்திரி எட்டு முதல் பத்து வரையும் திறந்து வைத்தார்கள். இந்த விஷயத்தைக் கலை வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பகலில் வேலைக்குப் போகிறவன் எப்போது படம் பார்ப்பான் என்று யோசித்தால்தான் விளக்கேற்றி ராத்திரியில் திறந்து வைக்கத் தோன்றும். வந்தவர்கள் என்னவோ மொத்தமே மூவாயிரத்து ஐந்நூறு பேர்தான்.

நாற்பது ஆண்டு கழித்து, 1915 டிசம்பரில், பெத்ரோகிராதில் '0,10' என்று ஒரு கண்காட்சி. மலேவிச் தன் 'கறுப்புச் சதுர'த்தை இரண்டு சுவர்கள் கூடும் மூலையில், கூரையையொட்டி, குறுக்காக மாட்டினார். ரஷ்ய விவசாயி வீட்டில் அந்த மூலை தெய்வப் படத்துக்கு உரியது. உள்ளே நுழைகிறவர் முதலில் அதைப் பார்த்துத்தான் சிலுவை போட்டுக்கொள்வார். அதே சதுரம் வேறு இடத்தில், மற்றப் படங்களோடு வரிசையில் தொங்கியிருந்தால் வடிவச் சோதனை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த மூலையில் தொங்கியதால் தெய்வத்தின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கலகம் படத்தில் பாதி, ஆணியில் பாதி.

5

நமக்கு இயல்பாகத் தெரிகிற கண்காட்சி முறை இதற்கெல்லாம் பின்னால் வந்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1929 நவம்பர் 7இல் திறந்தது. பங்குச் சந்தை விழுந்து பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை. இடம் ஐந்தாம் அவென்யூவில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடி. இயக்குநர் ஆல்ஃபிரெட் பாருக்கு 27 வயது. செஸான், கோகன், சூரா, வான்கோ நால்வர் படங்களையும், வெளிர் பழுப்புத் துணி போர்த்திய சுவரில், ஒற்றை வரிசையில், கண் மட்டத்தில், இடைவெளி விட்டு மாட்டினார். பெரியது நடுவே, சிறியவை இரு பக்கமும் என்ற பழைய சமச்சீர் போயிற்று. காலமும் பாணியும் சொல்லும் தர்க்கப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு சில ஆண்டுகளில் துணியும் போய், சுவர் வெள்ளையானது. ஜன்னல் மறைந்தது. உலகம் முழுக்க இதுவே இலக்கணமாகிவிட்டது.

இதில் ஜனநாயகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டடிக் கோடு ஒழிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. கெய்ன்ஸ்பரோ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் 1976இல் ஆர்ட்ஃபோரம் இதழில் எழுதிய கட்டுரைகளில் பிரையன் ஓ'டோஹர்ட்டி இந்த 'வெள்ளைக் கனசதுர'த்தைப் பிரித்துப் போட்டார். வெளியுலகம் நுழையாதபடி அடைக்கப்பட்ட, காலமே நகராத, கோவில் கருவறை மாதிரியான இந்த அறைக்குள் கண் மட்டும்தான் போக முடியும், உடம்பு வாசலில் நின்றுவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். சாமி படத்தின் உயரத்தைக் குறைத்த நவீனத்துவம், அறையையே கோவிலாக்கிவிட்டது.

57 அங்குலத்துக்கு இப்போது வரலாம். அது யாருடைய உடம்பு? நிற்க முடிகிற, வளர்ந்த, அவசரமில்லாத, கையில் பிள்ளையில்லாத ஓர் உடம்பு. குழந்தைக்கு அது தலைக்கு மேல். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் மேல். தரையில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கமுள்ளவர்களுக்கும் மேல். 'சராசரி' என்ற சொல் இத்தனை பேரையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. கண் மட்டம் என்பது இயற்கை இல்லை. ஒரு தன்னிலையைக் கட்டமைக்கும் கோடு அது. எட்டடிக் கோட்டை நாம் பார்த்துச் சிரிக்கிறோம், இந்தக் கோடு நமக்குத் தெரிவதேயில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

6

அப்படியானால் வெள்ளைச் சுவரை உடைத்துவிட்டால் விடுதலை வந்துவிடுமா? நம்மில் பலர் இங்கேதான் அவசரப்படுகிறோம். 1937இல் ம்யூனிக் நகரில் நடந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அந்த வருடம் ஜூலை 18இல் ஹிட்லர், புதிதாகக் கட்டிய 'ஜெர்மன் கலை இல்ல'த்தில் 'மகத்தான ஜெர்மன் கலை'யைத் திறந்து வைத்தார். விசாலமான கூடங்கள், நல்ல வெளிச்சம், இடைவெளி விட்டு மாட்டிய படங்கள், அமைதி. மறுநாள், கூப்பிடு தூரத்தில், 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சி திறந்தது. 32 அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து வந்த 650க்கும் மேற்பட்ட படைப்புகள். அடோல்ஃப் ஸீக்லர் தலைமையில் மூன்று வாரத்துக்குள் செய்து முடித்தார்கள். குறுகலான அறைகள், தற்காலிகத் தடுப்புகள். படங்களை நெருக்கிக் கோணல்மாணலாக மாட்டினார்கள். சிலவற்றில் பிரேமைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மேலும் கீழும் சுவரிலேயே கிண்டல் வாசகங்கள். எந்த மியூசியம் என்ன விலை கொடுத்து வாங்கியது என்று எழுதி, உழைக்கிறவன் வரிப்பணம் இப்படிப் போயிற்று என்று கோபமூட்டினார்கள். அனுமதி இலவசம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த உத்திகள் நாஜிகளின் கண்டுபிடிப்பு அல்ல என்பது. சுவரில் கோஷம் எழுதுவது, நெருக்கி மாட்டுவது, பார்க்கிறவரைச் சீண்டுவது, இதையெல்லாம் 1920இல் பெர்லின் தாதா கண்காட்சியில் க்ராஸும் ஹார்ட்ஃபீல்டும் ஹவுஸ்மானும் செய்தார்கள். அங்கே தொங்கிய கோஷங்களில் ஒன்றையே எடுத்து ம்யூனிக் சுவரில் பெரிதாக எழுதி, கூடவே காண்டின்ஸ்கியின் ஓவியச் சாயலில் கோடுகளை இழுத்துக் கேலி செய்தார்கள். கலகக்காரர்களின் கையிலிருந்த ஆயுதம் அப்படியே கைமாறிவிட்டது.

ம்யூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த 'மகத்தான' கலைக்கு அதைவிட மிகக் குறைவானவர்களே வந்தார்கள். நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. வெற்றி என்பதைத் தலை எண்ணிச் சொல்வதானால் அந்த நூற்றாண்டின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. வந்தவர்களில் சிலர் அந்தப் படங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றே வந்தவர்கள் என்பதும் உண்மை. படம் கியூரேட்டருக்கு முழுசாக அடங்கிவிடுவதில்லை. ஆனால் அதைச் சொல்லி நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாது. படங்களில் பல பிறகு விற்கப்பட்டன. காணாமல் போனவையும் உண்டு. ஓவியர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அந்த அறைகளில் பார்வையாளர் எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாது. தீர்ப்பு முன்கூட்டியே சுவரில் எழுதப்பட்டிருந்தது. வந்தவர் செய்ய வேண்டியதெல்லாம் சிரிப்பது மட்டும்.

என்னை உறுத்துவது இதுதான். நம் கண்காட்சிகளிலும் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதன் அர்த்தத்தை எழுதி ஒட்டிவிடுகிறோம். இந்தப் படம் இன்ன கொடுமையைச் சொல்கிறது, இன்ன கோபம் கொள்ளுங்கள். நோக்கம் நேர் எதிரானது, ஒப்புக்கொள்கிறேன். பார்வையாளரை நம்பாமல் இருப்பதில் மட்டும் நாம் அவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்விடுகிறோம். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

7

வேறு வழிகளும் இருந்திருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன்.

ஹானோவர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் அலெக்ஸாந்தர் டார்னர் கேட்டுக்கொண்டபடி, எல் லிஸிட்ஸ்கி 1927-28இல் ஓர் அறை அமைத்தார். சுவர் நெடுக மெல்லிய பட்டைகள் செங்குத்தாக நின்றன. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. நாம் நடக்க நடக்கச் சுவர் வெள்ளையிலிருந்து சாம்பலாகி, கறுப்பாகும். சில படங்களுக்கு மேலே நகரும் பலகைகள். எதைப் பார்ப்பது, எதை மூடுவது என்பதை வந்தவரே கையால் தள்ளி முடிவு செய்யலாம். உடம்பு வாசலில் நிற்க வேண்டியதில்லை. நாஜிகள் 1937இல் அந்த அறையைப் பிரித்தெறிந்தார்கள். காரணம் படங்கள் மட்டுமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று பிரேஸிலில். ஸாவோ பாவ்லோ கலை அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்தை லினா போ பார்டி 1968இல் கட்டி முடித்தார். ராணுவ ஆட்சிக் காலம். திறப்பு விழாவுக்கு வந்தவர் இங்கிலாந்து ராணி. அத்தனைக்கும் நடுவில் லினா செய்த காரியம், சுவரையே எடுத்துவிட்டது. ஒரு கான்கிரீட் கட்டையில் கண்ணாடிப் பலகையை நிறுத்தி, அதில் படத்தைப் பொருத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் ஒரே கூடத்தில், கூட்டத்தில் நிற்கும் ஆட்களைப் போல நிற்கும். எந்த வழியாகவும் நுழைந்து போகலாம். ஓவியர் பெயரும் விவரமும் பின்பக்கம். முதலில் படத்தோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். பெயர் வேண்டுமென்றால் சுற்றிப் போக வேண்டும். போனால் கித்தானின் முதுகும், அடித்த ஆணிகளும், ஒட்டிய சீட்டுகளும் தெரியும். தெய்வப் படத்தின் முதுகை யாரும் காட்டுவதில்லை. லினா காட்டினார், இது ஒருவர் செய்த வேலை என்று. 1996இல் நிர்வாகம் அந்தக் கண்ணாடிகளை அப்புறப்படுத்திச் சுவரெழுப்பியது. 2015 டிசம்பரில்தான் அவை திரும்பி வந்தன. கோடு ஒருமுறை அழிந்தால் அழிந்ததாக இருப்பதில்லை. திரும்பத் திரும்ப வரையப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டையும் நகல் எடுக்கச் சொல்லவில்லை. கண்ணாடிப் பலகைக்கு நாம் எங்கே போக? சவுக்குக் கம்பும் சணல் கயிறும்தான் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் நமக்குச் சுவர் மறுக்கப்பட்டிருந்தது என்பதை அன்று நான் குறையாகவே நினைத்தேன். கயிறு ஏறவும் இறங்கவும் கூடியது என்பது தோன்றவில்லை. மேனேஜர் ஆணி அடிக்கக் கூடாது என்றதும், கயிற்றிலேயே ஒரு வெள்ளைச் சுவரைக் கற்பனையாகக் கட்டி, 57 அங்குலத்தை அளந்து, ஒரே நேர்கோட்டில் தொங்கவிட்டோம். யாரும் நம்மைக் கேட்கவில்லை. நாமாகவே செய்தோம். மேலாண்மை என்பது இதுதானே.

அந்தத் தோழரின் படத்துக்கு முன்னால் மறுநாள் நான் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். வந்தவர்கள் நேராக நின்று, குழிக்குள் இறங்குகிறவரைத் தம் கண்ணுக்குச் சமமாகப் பார்த்துவிட்டு, "நல்லா வரஞ்சிருக்கார்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார்கள். குழியின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்காதபடி மாட்டியவன் நான். படம் தரையில் இருந்திருந்தால், பார்ப்பதா வேண்டாமா, குனிவதா தாண்டிப் போவதா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டி வந்திருக்கும். பலர் தாண்டித்தான் போயிருப்பார்கள். போகட்டும், தாண்டிப் போனோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த மாநாட்டுக்கும் கண்காட்சி உண்டு என்கிறார்கள். மண்டபம் இன்னும் முடிவாகவில்லை. இந்தத் தடவை அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால், வரைந்தவர்களையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் கேள்வியை அவர் ஏற்கனவே கேட்டுவிட்டார்.